என் தம்பி ஓவியன் அல்ல

1

பத்திரிகை ஆசிரியருக்கும் வாசிக்கப் போகிறவர்களுக்கும் முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய கடிதங்கள்தான். சின்ன 'ர' வரவேண்டிய இடத்தில் பெரிய 'ற' வந்திருக்கும். அச்சுக் கோக்கிறவர் எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கே டென்மார்க்கில் எங்கள் பொடியன் ஒருவன் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறான். போர் முடிந்து ஒரு வருடமாகிறது என்று அதை டிவிடியில் பதிந்து ஊருக்கும் அனுப்பப் போகிறார்கள். உங்களில் சிலர் பார்ப்பீர்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து மனம் குழம்பிப்போன ஒரு பெரிய ஓவியனின் கதை. முடிவில் "இது உண்மைக் கதை" என்று எழுத்து வரும். அந்த ஓவியனாக வருகிறவன் என் தம்பி யோகன். யோகனுக்கு மனநோய் இருப்பது உண்மை. மற்றதெல்லாம் பொய். அவன் ஓவியன் அல்ல. அவனைக் குழப்பியது போரும் அல்ல. படத்தின் பெயரை எழுதமாட்டேன். என் கையால் அதற்கு விளம்பரம் வேண்டாம்.

2

யோகன் என்னைவிட ஆறு வயது இளையவன். நான் டென்மார்க் வந்து சில வருடங்களில் அவனையும் எடுப்பித்தேன். ஜூட்லாண்டில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவன் இருந்த வீட்டில் ஷெல் விழவில்லை. அவனை யாரும் பிடித்துக்கொண்டுபோய் அடிக்கவில்லை. காதல் தோல்வியும் கிடையாது, ஏனென்றால் காதலே கிடையாது. வேலை இருந்தது, புதுச் சைக்கிள் இருந்தது, ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ஒரு நல்ல வெயில் நாளில் மேற்பார்வையாளரிடம் போய், கோழி தொங்கி வரும் சங்கிலி தன்னைப் பற்றிக் கதைக்கிறது என்று சொல்லியிருக்கிறான். நோய் அப்படித்தான் தொடங்கியது.

காரணம் என்ன என்று டாக்டரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். எந்த நாட்டிலும் எந்தச் சாதிச் சனத்துக்கும் வருகிற நோய்தான் இந்த வருத்தம், இன்னதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் பதில் அப்போது பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது. காரணம் தெரியும் என்று வருகிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

படங்களில் மனநோயாளிக்குக் கேட்கும் குரல் நாட்டு இரகசியம் பேசும், அல்லது செத்துப்போன காதலி பாடுவாள். யோகனுக்குக் கேட்டது ஒரு டெனிஷ்க்காரியின் குரல், ரயில் நிலையத்தில் அறிவிக்கிறவளைப் போல. "இப்போது கோப்பையை எடுக்கிறான். இப்போது கோப்பையை வைக்கிறான்." இவ்வளவுதான். ஒருமுறை நான் கேட்டேன்.

"வேறை என்ன சொல்லுறாள்?"

"மிச்சம் விளங்கேல்லை அண்ணை. கெதியாக் கதைக்கிறாள்."

பிறகு அவனை எங்கள் பக்கம், கோப்பன்ஹேகனுக்கு அருகில் இருக்கும் ஹ்விடோவ்ரேக்கு மாற்றி எடுத்தோம். அதற்கு நகரசபைக்கு எத்தனை தரம் அலைந்தேன் என்று எழுதினால் அது தனிக் கதை. மனநோயாளிகளுக்கான கட்டடத்தில் ஒரு அறையும் சமைக்கச் சின்னக் குசினியும் கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு ஒருமுறை ஊசி. போடுகிறவள் கிர்ஸ்டன் என்ற தாதி. ஊசி போட்டதும் கோப்பி ஊற்றிக் கொடுத்துப் பத்து நிமிடம் அவனோடு இருந்து கதைப்பாள். காலையில் மெழுகுதிரிகளைப் பெட்டியில் அடுக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. ஊசியால் உடம்பு பெருத்தது, கை நடுங்கியது, மத்தியானத்தில் நித்திரை வந்தது. குரல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. தினமும் ஒழுங்காகச் சவரம் செய்வான். எங்கள் வீட்டில் ஆக வழுவழுப்பான முகம் அவனுடையதுதான்.

3

சினிமாவுக்கு இந்த முகம் சரிவராது.

ஊரில் நானும் அவனும் தியேட்டரில் பார்த்த படங்களில் பைத்தியம் இரண்டு வகை. ஒன்று சிரிப்பதற்கு. தொப்பியில் இறகு செருகிக்கொண்டு டாக்டரின் வழுக்கைத் தலையில் தாளம் போடும். மற்றது அழுவதற்கு. காதலி போன அடுத்த காட்சியில் தாடி வந்துவிடும். எங்கிருந்தோ ஒரு கிழிந்த சால்வையும் வரும். வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்த மனிதனுக்குச் சும்மா ஒரு நாள் நோய் வந்தது என்று ஒரு படமும் நான் பார்க்கவில்லை. கடைசியில் வில்லனின் ஆள் உலக்கையால் தலையில் ஒன்று போடுவான், கோயில் மணி அடிக்கும், கதாநாயகன் கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேட்பான். நாங்கள் கைதட்டினோம். யோகன் விசிலடித்தான். தலையில் அடித்து மாறுகிற வருத்தமாக இருந்தால் டென்மார்க் அரசாங்கம் ஏன் இத்தனை ஆஸ்பத்திரி கட்டுகிறது?

வெள்ளைக்காரர் படங்கள் இதைவிடத் திறம் என்று நினைத்திருந்தேன். என் மகள் அபி ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அப்படி இரண்டு மூன்று படங்களை வகுப்பில் காட்டினார்கள். ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அவர்கள் தலையில் அடிப்பதில்லை, அது உண்மை. அதற்குப் பதிலாக மூளையை அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். பைத்தியம் என்றால் கணக்கில் புலி, அல்லது பியானோவில் சூரன். யன்னல் கண்ணாடி முழுக்கக் கணக்கு எழுதுகிறான். வாடகை வீட்டில் அதைத் துடைக்கிறவள் யார் என்று படத்தில் வராது. அழகான மனைவி அவன் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்ததும் பாதி வருத்தம் மாறிவிடும். மாத்திரை மூளையை மழுக்குகிறது என்று அதைக் கழிவறையில் கொட்டிவிட்டு மீதியை மனத்தால் வெல்வான். முடிவில் ஒரு பெரிய மண்டபம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

இதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். பைத்தியக்காரனைச் சனம் மன்னிக்க வேண்டுமென்றால் அவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். மெழுகுதிரி அடுக்குகிறவனுக்கு இரக்கம் கிடையாது.

அந்தப் படம் பார்த்த கிழமை அபி சாப்பாட்டு மேசையில் சித்தப்பாவை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"சித்தப்பா, பதினேழை இருபத்திமூண்டாலை பெருக்கினா எவ்வளவு?"

யோகன் கோழிக்கறியை மென்று விழுங்கினான். "ஏன், உன்ரை போனிலை மெசின் இல்லையே?"

அபி என் பக்கம் திரும்பி, அவர் ஒளிக்கிறார் என்று டெனிஷில் சொன்னாள். முக்கியமான எதையும் அவள் என்னிடம் டெனிஷில்தான் சொல்வாள். நான் பாதி விளங்கித் தலையாட்டுவேன்.

என் மனைவி சாந்திக்கு முழுவதும் விளங்கிவிட்டது. "ஒளிக்கிறதுக்கு அவனிட்டை என்ன கிடக்கு? ஊரிலையும் கணக்கிலை முட்டைதான்."

"ஒருக்கா முப்பது எடுத்தனான் அண்ணி," என்றான் யோகன்.

4

போன வருடம் மாசியில் இருந்து வைகாசி வரைக்கும் இங்கே எங்கள் சனம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அதற்கு உள்ளே இருந்தீர்கள், நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். ஒரு பெரிய பேக்கரியில் தட்டுக் கழுவுவதுதான் என் வேலை. வேலை முடிந்ததும் ரயில் எடுத்துக் கோப்பன்ஹேகன் நகரசபைச் சதுக்கத்தில் நடந்த போராட்டத்துக்குப் போவேன். யோகனும் வருவான். கையில் கொடுத்த பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பசித்தால் பதாகையை என்னிடம் தந்துவிட்டுச் சொசேஜ் வாங்கப் போவான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாள் எங்கள் சங்க மண்டபத்துக்குப் போனோம். பெண்கள் தரையில் இருந்து அழுதார்கள். ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணை, இந்தச் சனத்துக்கு ஒருத்தரும் தேத்தண்ணி குடுக்கேல்லை."

குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து, கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி, தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனான். கை நடுங்கியதில் பாதி தட்டில் சிந்தியது. திரும்பப் போய் ஊற்றிக்கொண்டு வந்தான். அந்த மண்டபத்தில் அன்றைக்கு வேலை செய்த ஒரே ஆள் அவன்தான்.

அந்தக் கையைத்தான் பிரதீபன் கண்டான். தேத்தண்ணீரைக் காணவில்லை.

அந்தக் குறும்படம் எடுத்த பிரதீபன் குழந்தையாக இங்கே வந்து வளர்ந்தவன். கம்பியூட்டர் வேலை. பெரிய கமரா வைத்திருக்கிறான். கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன், சபையில் என்னைக் கண்டால் எழுந்து கதிரை தருவான். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, யோகண்ணையின்ரை அந்தக் கை. அதுக்குள்ளை எங்கட சனத்தின்ரை முழு வலியும் இருக்கு."

"அது ஊசியாலை வாற நடுக்கம் தம்பி."

"இல்லையண்ணை. நான் சொல்லுறது உள்ளுக்குள்ளை."

"உள்ளுக்குள்ளை போறதும் ஊசிதான்," என்றாள் சாந்தி குசினிக்குள் இருந்து.

அவனுக்கு அது கேட்கவில்லை. "அவர் முந்தி கீறுறவரெல்லோ? கலைவிழாவிலை மேடைத் திரைக்கு முன்னாலை தூரிகையோடை நிக்கிற ஃபோட்டோ ஒண்டு கண்டன்."

அந்தத் திரையின் கதை இதுதான். சங்கத்தின் கலைவிழாவுக்கு வயலும் பனையும் கீறிய திரை ஒன்று செய்தார்கள். கீறியவர் ஓகூஸ் நகரில் இருக்கும் ஒரு படம் கீறும் வாத்தியார். வயலுக்குக் கீழே நிறையப் பச்சை பூச வேண்டியிருந்தது. சுவருக்குப் பூசுகிற உருளையைக் கொடுத்து யோகனைப் பூசச் சொன்னார்கள். பூசினான். இதைப் பிரதீபனிடம் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அடுத்த காட்சிக்குப் போய்விட்டான்.

யோகனிடம் நடிக்கக் கேட்டான். யோகன் ஓம் என்றான். அவனிடம் பொதுவாக ஒருவரும் எதையும் கேட்பதில்லை. அதனால் கேட்டால் ஓம் என்பான்.

படப்பிடிப்புக்குத் துணையாக நானும் போனேன். முதல் பிரச்சினை தாடி. வளர்க்கச் சொன்னார்கள். யோகன் மறுத்துவிட்டான், சொறியும் என்றான். ஒட்டுத் தாடி ஒட்டினார்கள். அதுவும் சொறிந்தது. அவன் சொறிவதைக் கமராவில் எடுத்து, "பாருங்கோ, என்ன ஒரு தவிப்பு" என்றான் பிரதீபன். பிறகு அமாகர் கடற்கரையில் ஓவியங்களை எரிக்கும் காட்சி. ஓவியங்கள் பிரதீபனின் மைத்துனி கீறியவை. நல்ல காற்று, தீ வெகுநேரம் பற்றவில்லை. நாயோடு உலாத்த வந்த ஒரு டெனிஷ்க்காரர் இங்கே நெருப்பு வைக்கக் கூடாது என்று ஏசிவிட்டுப் போனார். யோகனை அழச் சொன்னார்கள். அழுகை வரவில்லை.

"அண்ணை, உங்கட ஓவியமெல்லாம் எரியுதெண்டு நினையுங்கோ."

"அது உன்ரை மச்சாள் கீறினதெல்லோ. அவவை அழச் சொல்லு."

படத்தில் கிர்ஸ்டனும் வருகிறாள். அதாவது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ரப்பர் கையுறை போட்டு, முகத்தைக் கல்லாக வைக்கச் சொல்லி, யோகனை இரண்டு பேர் பிடித்திருக்க ஊசி குத்த வைத்திருக்கிறார்கள். தூரிகை மெதுவாக விழுந்து உருளும். வயலின் இசை இழுபடும். பிரதீபனின் குரல் சொல்லும்: மருந்து அவன் விரல்களைக் கட்டிவிட்டது.

5

சங்க மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். சனம் அழுதது. விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அபி கொண்டுவந்த படத்தில் வருகிற மாதிரியே. ஓவியரின் அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். நான் "வணக்கம்" என்றேன், "நன்றி" என்றேன். இரண்டு வார்த்தை சரி.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு மண்டபத்தில் யோகனுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகவே இருக்கும். பிள்ளைகளை அவனருகே விடமாட்டார்கள். படத்துக்குப் பிறகு அவன் பக்கத்தில் இருக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். "அண்ணை, எப்ப திரும்பக் கீறப் போறியள்?" வர்ணக் குழாய்கள் கொண்டுவந்தார்கள், தூரிகைகள் கொண்டுவந்தார்கள், மூன்று கால் பலகை ஒன்றும் வந்தது. அபியும் ஒரு பெட்டி வர்ணம் கொடுத்தாள். யோகன் வாழ்க்கையில் அத்தனை பேர் அவனை அண்ணை என்று கூப்பிட்டதில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சனத்தை ஏமாற்றக் கூடாது என்று அவனும் கீறப் பார்த்தான். அவனுக்குப் பூசத் தெரிந்தது பச்சை. தாள் முழுக்கப் பச்சை பூசினான். காய்ந்ததும் அடுத்த தாள், அதுவும் பச்சை. பிரதீபன் வந்து பார்த்தான். "யாராலையும் எரிக்க ஏலாத வயல்," என்றான். சங்கத்து அம்மா ஒருவர் ஒரு தாளை வாங்கிக்கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

யோகனுக்கு மட்டும் அது ஓவியம் இல்லை என்று தெரிந்திருந்தது. அவனுக்கு அது பெரிய கவலை. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சொன்னான்.

"அண்ணை, நான் ஊசியை விட்டிட்டன்."

"ஏன்ரா?"

"கையைக் கட்டுதாம். விட்டால் கீற வருமாம்."

"ஆர் சொன்னது?"

"படத்திலை சொன்னது."

"படத்திலை வாறது நீதானே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓம். அப்ப நான்தான் சொன்னது."

அடுத்த நாள் ஊசி போடும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதை முதலே டெனிஷில் பாடமாக்கி வைத்திருந்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, அவர் வளர்ந்த மனிதர், அவருடைய சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி உங்களோடு கதைக்க முடியாது என்றாள். இதற்கான பதிலை நான் பாடமாக்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிரதீபனுக்கு எடுத்தேன்.

"அது அவரின்ரை தெரிவு அண்ணை. நாங்கள் அவரைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்தக் கூடாது."

"வருத்தம் திரும்பி வரும் தம்பி."

"எத்தினை கலைஞர்மார் மருந்தை விட்டாப் பிறகுதானே பெரிய வேலை செய்திருக்கினம்."

அவர்கள் யார் என்று கேட்டிருந்தால் அவனும் படத்தில் பார்த்தவர்களைத்தான் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, அவனிடம் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். சாந்தி வந்து, "இதை அவனுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

முதலில் யோகன் திறமாக இருந்தான். கை நடுங்கவில்லை. உடம்பு வற்றியது. மத்தியான நித்திரை போய்விட்டது. "பாத்தியளே அண்ணை," என்று பிரதீபன் எனக்குச் செய்தி அனுப்பினான். இந்த இடத்தில்தான் படங்கள் முடிந்துவிடுகின்றன. நல்ல வெளிச்சம், நல்ல இசை, பெயர்கள் ஓடும். அதற்குப் பிறகு வருவதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்கழியில் சவரத்தை நிறுத்தினான். பட்டறைக்குப் போவதை நிறுத்தினான். சாந்தி அனுப்பிய சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினான். ரயில் நிலையத்து வாங்கில் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இருந்தான். அறிவிப்புக்காரி திரும்பி வந்துவிட்டாள். இப்போது கோப்பையைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை. எந்த ரயிலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கியிருந்தாள். அதை அவன் எனக்கு மற்றவற்றைச் சொல்வது போலவே சொன்னான். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அவனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் பச்சை, கதவு பச்சை. வெளியே இருந்து யாரும் பார்க்காமல் இருக்க யன்னல் கண்ணாடிக்கும் பச்சை பூசியிருந்தான். படத்து மேதை கண்ணாடியில் கணக்கு எழுதினான். என் தம்பி பயத்தைப் பூசினான்.

கட்டடத்துப் பொறுப்பாளரிடம் ரயில் விஷயத்தைச் சொன்னேன். டெனிஷ் பிழையாக வந்தது, ஆனால் விளங்கிவிட்டது. டாக்டர் வந்தார், பிறகு இரண்டு பொலிஸ்காரர். சினிமாவில் நாலு தடியர்கள் கையையும் காலையும் பிடித்து இழுப்பார்கள். இங்கே யோகன் ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றதைக் காணவில்லை என்று நின்றான். இரண்டு பொலிஸ்காரரும் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினார்கள். கிடைத்ததும் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியைச் சங்கத்துக்கு அறிவித்தேன். ஒருவரும் பார்க்க வரவில்லை. மேதைக்கு வர்ணக் குழாய் கொண்டுவந்தவர்கள் நோயாளிக்கு ஒரு தோடம்பழம் கொண்டுவரவில்லை. அபி வந்தாள். ஒவ்வொரு சனியும் வந்தாள். டாக்டர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்லுவாள், சொல் கிடைக்காத இடத்தில் கையைப் பிடித்துக்கொள்வாள். அவளும் ஒரு பெட்டி வர்ணம் கொடுத்தவள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

6

பழையபடி ஊசி தொடங்கினார்கள். குரல் உடனே போகவில்லை. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போனது. கை திரும்ப நடுங்கத் தொடங்கிய நாள், என் வாழ்க்கையில் நான் ஒரு நடுக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாள்.

போன மாதம் பிரதீபன் வந்தான். கமராவோடுதான். ஊருக்கு அனுப்பும் படத்துக்கு நம்பிக்கையான ஒரு முடிவு வேண்டுமாம். தாதி யோகனிடம் சம்மதமா என்று கேட்டாள். வழக்கம்போல ஓம் என்றான். பார்வையாளர் அறையில் கதிரையில் இருத்தி, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கமராவை வைத்தார்கள். நானும் அபியும் சுவரோரம் இருந்தோம்.

"அண்ணை, இப்ப உங்களுக்கு என்ன கேக்குது?"

"நீ கேக்கிறது கேக்குது."

"இல்லையண்ணை. அந்தக் குரல்."

யோகன் தலையைச் சரித்துக் கவனித்தான். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். "இல்லை. இண்டைக்கு வரேல்லை. நேற்றும் வரேல்லை."

பிரதீபன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. "அப்ப ஏதாவது செய்யுங்கோ அண்ணை. சும்மா இருக்கிறியள்."

"செய்துகொண்டுதானே இருக்கிறன்."

"என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன். இதுக்குத்தான் ஊசி போடுறது. இதை எடு."

பிரதீபன் என்னைப் பார்த்தான். இப்படியான நேரத்தில் நான் சப்பாத்தைப் பார்ப்பவன். அன்றைக்கு அவனைப் பார்த்தேன். "எடு தம்பி," என்றேன்.

எடுத்தான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போதாது என்று நிறுத்திவிட்டான். அந்தத் துண்டு உங்களுக்கு வரும் படத்தில் இல்லை. அபி அவனிடம் கேட்டுப் பார்த்தாள். அதில் ஒன்றும் நடக்கவில்லை, வெட்டிவிட்டேன் என்றானாம். படத்தில் இருக்கும் முடிவு கடற்கரை, தீ, வயலின்.

அதனால் வெட்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். படத்தைப் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கதிரை. அதில் என் தம்பி, சவரம் செய்த முகம், ஆஸ்பத்திரிச் சட்டை. இரண்டு கையும் முழங்காலில், இலேசாக நடுங்குகின்றன. யன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதை அவன் பார்க்கவில்லை. காதைச் சொறிகிறான். சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறான். கொட்டாவி விடுகிறான். அபியைப் பார்த்து, பின்னேரம் என்ன சாப்பாடாம் என்று கேட்கிறான். மீன் என்கிறாள் அவள். அவன் சரி என்கிறான். அவனைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் போகிறது.

ஹ்விடோவ்ரே,
2010 மே 9, ஞாயிற்றுக்கிழமை.